கடைசி வரியில் என் பெயர்

ஜாபர் சார் இறந்த செய்தி வந்தபோது நான் புளி போட்டுக் கேடயத்தைத் துலக்கிக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்து மேலாண்மைக் கழகத்தின் காஞ்சிபுரம் கிளைக்குச் சிறந்த கிளை என்று கொடுத்த பித்தளைக் கேடயம் அது. கிளைச் செயலாளர் கவிதா அம்மா வாசலில் வந்து நின்றார். "தாத்தா, ஜாபர் சார் போயிட்டாராம். விடிகாலை தொழுதுட்டு வந்து நாற்காலியில உக்காந்தவரு எழுந்திருக்கவே இல்லையாம்" என்றார். கேடயத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். பதினோரு வருடமாக அதைப் பளபளவென்று வைத்திருந்த கை இது. அன்றைக்குத்தான் கடைசியாகத் துலக்கினேன். ஏன் என்று சொல்லத்தான் சாருக்காகக் கிளை போடும் இந்த நினைவு மலரில் இடம் கேட்டேன்.

உங்களில் பாதிப் பேர் சாரிடம் கல்லூரியில் வணிகவியல் படித்தவர்கள். மீதிப் பேர் கிளைக் கூட்டங்களில் அவரைப் பார்த்தவர்கள். என்னையும் பார்த்திருப்பீர்கள், பார்த்தது நினைவில் இருக்காது. டீ கொடுத்தவன், நாற்காலி போட்டவன், சாவி வைத்திருப்பவன். பெயர் முனுசாமி, ஊர் திருப்புட்குழி. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கவிதா அம்மா எழுதுகிறார். எழுதியதை அவ்வப்போது நிறுத்திப் படித்துக் காட்ட வேண்டும் என்பது என் நிபந்தனை. அந்த நிபந்தனை ஜாபர் சார் கொடுத்தது.

கிளை தொடங்கிய புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய சண்டை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையைப் பார்க்கப் போவதாகப் போன மாதம் முடிவானதா இல்லையா என்று இரண்டு உறுப்பினர்கள் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் டீத் தட்டோடு கதவருகில் நின்றிருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "போன மாசம் நீங்கதான் சார் வேன் வெக்கலாம்னு சொன்னீங்க. இவரு, பஸ்ஸே போதும்னாரு. தேதிய அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்னு தலைவரு எழுந்துட்டாரு. அப்ப கரண்டு போச்சு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். செயலாளராக இருந்த ஜாபர் சார் மட்டும் சிரிக்காமல் பேனாவை மூடி வைத்தார்.

அடுத்த மாதத்திலிருந்து புது வழக்கம் வந்தது. கூட்டம் முடிந்ததும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. குறிப்பேட்டில் எழுதியதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். எழுதியவரே படிக்க வேண்டும். நான் கதவருகில் நின்று கேட்டு, சரியா தப்பா என்று சொல்ல வேண்டும். நான் சரி என்ற பிறகு சார் ஒரு வரி சேர்ப்பார்: "மேற்கண்டவை வாசிக்கப்பட்டன, உதவியாளர் முனுசாமி கேட்டு ஒப்பினார்." ஒரு மருந்துக்கடைக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "படிக்காதவன்கிட்ட போயி சர்டிபிகேட் வாங்கணுமா சார்?" என்றார். "படிச்சவங்க காகிதத்தப் பாத்துத் தலையாட்டுவாங்க. இவருக்குக் காதுதான் இருக்குது. காது வழியா பொய்ய அனுப்பிப் பாருங்க, எழுதினவன் நாக்கே கூசும்" என்றார் சார்.

ஒருமுறை பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெரிய பேராசிரியர் வந்து பேசினார். குறிப்பில் 'அனைவரும் ஆர்வத்துடன் கேட்டனர்' என்று எழுதச் சொன்னார். சார் அப்படியே எழுதிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆறு பேரு தூங்கினாங்க சார். கடைசி வரிசையில ஒருத்தரு கொறட்ட விட்டாரு" என்றேன். சார் அந்த வரியை அடித்துவிட்டு, 'பேசினார்' என்று மட்டும் எழுதினார். வந்தவர் சாப்பாட்டுக்கு நிற்காமல் போய்விட்டார். அன்றைக்கு அவருக்காக வாங்கிவைத்த பிரியாணிப் பொட்டலத்தைச் சார் என்னிடம் கொடுத்து, "சாட்சிக்கு இது போதுமா முனுசாமிண்ணே?" என்று கேட்டார். என்னை அண்ணே என்று கூப்பிட்டவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான்.

பிறகு தணிகாசலம் தலைவரானார். பட்டுக்கடை வைத்திருப்பவர். என் ஊர்க்காரர், உறவு முறையில் என்னை மாமா என்பார். நான் அவரை ஒருநாளும் மாப்பிள்ளை என்றதில்லை. தலைவரே என்றுதான் சொல்வேன். வந்த முதல் மாதத்திலேயே, "சாருக்கு ஏன் சிரமம்? எழுத்து வேலைய நான் பாத்துக்கறேன்" என்று குறிப்பேட்டைக் கடைக்குக் கொண்டுபோனார். வாசிப்பது நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டமும் நின்றது. அந்த வருடம் ஐந்து ஞாயிறுதான் நான் அந்தக் கதவைத் திறந்தேன். ஆனால் வருடக் கடைசியில் மாலையும் மேளமுமாகக் கேடயம் வந்தது. எனக்கும் ஒரு சால்வை போட்டார்கள். போட்டுக்கொண்டேன். எதற்குக் கேடயம் என்று நான் கேட்கவில்லை. என் கணக்கில் அது என் குற்றம். அதை யார்மேலும் தள்ள மாட்டேன்.

கேடயம் வந்த கொஞ்ச நாளில் ஜாபர் சார் வரவில்லை. கேட்டதற்கு, "சாருக்கு உடம்பு முடியல மாமா, அவரே விலகிட்டாரு" என்றார் தணிகாசலம். நம்பினேன். சார் வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. பெரிய மனிதர்கள் விவகாரம், நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன்.

அடுத்த ரம்ஜான் சமயத்தில் பேருந்து நிலையத்தில் சாரைப் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தார். அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முனுசாமிண்ணே, உங்க மேல எனக்கு வருத்தமே இல்ல. உங்க பொழப்பு அப்படி. அத மனசுல வெச்சிக்காதீங்க" என்றார்.

நான் வந்து பார்க்காததைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "வந்திருக்கணும் சார், தப்புத்தான்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பேருந்தில் ஏறிப் போனார். அன்று சாயங்காலம் அவர் மகன் பஷீர் ஒரு தூக்கு நிறைய நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தான். அதன்பிறகு எந்த ரம்ஜானிலும் அந்தத் தூக்கு வராமல் இருந்ததில்லை.

இரங்கல் கூட்டத்துக்காகக் கவிதா அம்மா பழைய குறிப்பேடுகளைக் கடையிலிருந்து கேட்டு வாங்கிவந்தார். தணிகாசலத்தின் மகன், அப்பா ஊரில் இல்லாத நேரம், கட்டோடு தூக்கிக் கொடுத்துவிட்டானாம். கூட்டத்தன்று காலை நான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். கவிதா அம்மா அவற்றைப் புரட்டிக்கொண்டே சிரித்தார்.

"தாத்தா, எல்லா கூட்டத்துலயும் கடைசி வரியில உங்க பேரு இருக்குது!"

"அது சார் காலத்து வழக்கம்மா. தணிகாசலம் வந்ததும் நின்னுபோச்சு."

"நிக்கலயே. கேடயம் வாங்கின வருஷத்துல பன்னெண்டு கூட்டம், பன்னெண்டுலயும் முனுசாமி கேட்டு ஒப்பினார்னு இருக்குது."

கையில் இருந்த நாற்காலியை விட்டுவிட்டேன். கதவைத் திறந்தது ஐந்து முறை. பன்னிரண்டு கூட்டம் எங்கே நடந்தது? அந்தப் பன்னிரண்டைக் காட்டித்தான் கேடயம் வாங்கியிருக்கிறார்கள். தணிகாசலம் பழைய பக்கங்களைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆரம்பம் எப்படி, முடிவு எப்படி என்று சாரின் நடையை அப்படியே எடுத்திருக்கிறார். அந்தக் கடைசி வரி என்ன என்று யோசிக்கவேயில்லை. கடிதத்துக்குக் கீழே 'இப்படிக்கு' போடுவதுபோல என்னையும் போட்டிருக்கிறார்.

"சார் விலகின கூட்டம் இருந்தா படிம்மா" என்றேன்.

கவிதா அம்மா தேடி எடுத்தார். படிக்கத் தொடங்கி நிறுத்தினார். "வேணாம் தாத்தா" என்றார். "படி" என்றேன். படித்தார்: "நடைபெறாத கூட்டங்களை நடைபெற்றதாக எழுதியது தாமே எனச் செயலாளர் ஜாபர் ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கோரிப் பொறுப்பிலிருந்து விலகினார். மேற்கண்டவை வாசிக்கப்பட்டன, உதவியாளர் முனுசாமி கேட்டு ஒப்பினார்."

இரண்டாம் முறை படிக்கச் சொன்னேன். பிறகு தேதியைக் கேட்டேன். அந்த மாதத்து மூன்றாம் ஞாயிறு, காலை பத்து மணி. நம் வழக்கமான நேரம். கவிதா அம்மா கைப்பேசியில் தேடிப் பார்த்து, "அன்னிக்கு வரதர் கருட சேவை தாத்தா" என்றார். கருட சேவையன்று இந்த ஊரில் யார் கூட்டம் போடுவார்கள்? அறை பூட்டிக் கிடந்தது. சாவி என் இடுப்பில். நான் பிள்ளையார்பாளையத்துத் தண்ணீர்ப்பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் நின்று தம்ளர் நீட்டியவர் தணிகாசலம். மஞ்சள் சட்டை, வலது கைமுட்டியில் கட்டு. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்திருந்தார்.

அப்புறம்தான் பேருந்து நிலையத்தில் சார் சொன்னதன் அர்த்தம் புரிந்தது. நடக்காத கூட்டம் பற்றி யாரோ சொல்லிப் பல்கலைக்கழகத்தார் விசாரித்திருக்க வேண்டும்; அப்போது சாருக்கு அந்த வரியைத்தான் காட்டியிருப்பார்கள். நான் கதவருகில் நின்று, கேட்டு, சரி என்று சொன்னேன் என்று சார் நம்பியிருக்கிறார். அப்படி நம்பிக்கொண்டே எனக்குக் கஞ்சி அனுப்பியிருக்கிறார். அது தெரியாமல் நான் அந்தத் தூக்கைக் கழுவிக் கழுவித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பதினோரு தூக்கு.

சாயங்காலம் கூட்டம். பஷீர் தன் மனைவியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அம்மையார் வந்திருந்தார். தணிகாசலம் மாலை போட்டுவிட்டுப் பேசினார். "மனுசன்னா ஒரு சறுக்கல் இருக்கும். சாருக்கும் ஒண்ணு இருந்துது. நாம அத மறந்துடணும், மறந்துட்டோம்" என்றார். பஷீர் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவைப் பார்த்ததும் டீத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு நடுவில் போய் நின்றேன்.

"தணிகாசலம், அந்த சறுக்கல நான் கேட்டு ஒத்துக்கினேன்னு எழுதி வெச்சிருக்கிறியே. எப்ப படிச்சுக் காட்டின?"

தலைவரே என்று சொல்லாததே அறையில் பாதிப் பேரைத் திரும்ப வைத்தது. அவர் சிரித்தார். "மாமாவுக்கு வயசாயிடுச்சு. பெரியவரே, உக்காருங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

"வயசுதான் ஆச்சு, மறதி ஆவல. அன்னிக்கு கருட சேவை. பந்தல்ல என் பக்கத்துல மஞ்சள் சட்ட போட்டுக்கினு நின்ன. கையில கட்டு. உங்கம்மா வந்து, கட்டுப் போட்ட கையால தம்ளர நீட்டாதடா, மோரு சிந்துதுன்னு திட்டினாங்க. அந்தக் கையாலதான் அதே பத்து மணிக்கு இங்க உக்காந்து மினிட்ஸ் எழுதினியா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் அந்த வருடம் நடந்த ஐந்து கூட்டங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். யார் வந்தார், யார் என்ன பேசினார், எத்தனை டீ போனது, எல்லாம். கவிதா அம்மா குறிப்பேட்டை விரித்து வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். நடக்காத ஏழு கூட்டங்களைப் பற்றி உறுப்பினர்களைக் கேட்டேன்: "யாராவது வந்திருந்தா கைய தூக்குங்க." மருந்துக்கடைக்காரரின் கை மடியிலேயே கிடந்தது. அந்த ஏழிலும் அவர் பெயர் வந்தோர் பட்டியலில் இருந்தது.

தணிகாசலம் என் அருகில் வந்து, "மாமா, எல்லார் முன்னாலயும் வேணாம். வெளிய போயி பேசலாம். கால்ல வேணா விழறேன்" என்றார். "விழறதுன்னா பஷீர் கால்ல விழு. ஆனா அதுக்கு முன்னாடி எழுது" என்றேன்.

எழுத வைத்தேன். பல்கலைக்கழகத்து அம்மையார் வேறு யாராவது எழுதட்டும் என்றார். "இல்லம்மா, எழுதினவரே படிக்கணும். இது எங்க கிளையோட வழக்கம்" என்றேன். நடக்காத ஏழு கூட்டங்களைத் தானே எழுதியதாகவும், ஜாபர் சார் ஒரு சொல்லும் ஒப்புக்கொள்ளவில்லை என்றும், முனுசாமி எதையும் கேட்கவில்லை என்றும் தணிகாசலம் எழுதினார். எழுந்து நின்று படித்தார். முதல் தடவை முணுமுணுத்தார். "கேக்கல" என்றேன். இரண்டாம் தடவை நடுவில் ஒரு வரியை விட்டார். "ஜாபர் சார் பேரு வர்ற எடத்த விட்டுட்டியே" என்றேன். மூன்றாம் தடவை முழுதாகப் படித்தார். சார் சொன்னது சரிதான், நாக்கு கூசியது. அது கூசுவதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்து முடித்த பிறகுதான் சரி என்றேன்.

மறுநாள் தணிகாசலம் என் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியவர் மண்ணுக்குள் இருக்கிறார். அவர் கணக்கை முடிக்க எனக்கு அதிகாரம் இல்லை. இருந்தாலும் முடித்திருக்க மாட்டேன். கேடயத்தைத் திருப்பி அனுப்பலாம் என்று உறுப்பினர்கள் சொன்னார்கள். ஒரு வருடம் இங்கேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்து, தணிகாசலம் உட்காரும் நாற்காலிக்கு எதிரே வைத்திருக்கிறேன். அதற்கு இனிப் புளி இல்லை. பச்சை பிடித்துக்கொண்டு வருகிறது. மூன்றாம் ஞாயிறுதோறும் அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த ரம்ஜானுக்கும் பஷீர் தூக்கைக் கொண்டுவந்தான். "அத்தா இருந்தா அனுப்பியிருப்பாரு" என்றான். என்னால் உடனே வாங்க முடியவில்லை. "நான் ஒத்துக்கலன்னு தெரியாமலே போயிட்டாருப்பா" என்றேன். "தெரியாமதான் பெரியப்பா. அதனாலதான் இது பெருசு" என்று தூக்கை என் கையில் வைத்தான்.

சாரிடமிருந்து எனக்கு மிச்சம் இரண்டு: அந்தத் தூக்கு, அந்த ஒரு வரி. தூக்கை இந்த முறை திருப்பிக் கொடுக்கவில்லை. வரியை யாரும் இனி எனக்குத் தெரியாமல் போட விடமாட்டேன்.

மேற்கண்டவை எனக்கு வாசிக்கப்பட்டன. கேட்டேன். ஒப்பினேன்.