கிருமித் தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர்

நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் தட்டுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் என் கிணறு கெட்ட நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் வயலுக்கு மேலே முலாம் பூசும் பட்டறை வந்த வருஷம், கடலை பிடுங்கிய மறுவாரமே தண்ணீர் கசந்தது. மாடு வாய் வைக்கவில்லை. இன்றுவரை பக்கத்துக் காட்டு போர்வெல்லிலிருந்து குடத்தில் சுமக்கிறேன்.

பட்டறைக் கழிவுநீரில் இருக்கும் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் கிருமிகளை, ஒரு காலேஜ் டீச்சரம்மா நாலு மாதமாகப் பட்டறைத் தொட்டியில் வளர்த்தார். போன வாரம்தான், "தண்ணி தெளியுதுங்க தாத்தா" என்றார்.

இன்று போனால் தொட்டி ஓரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்.

"என்னாச்சும்மா?"

"அந்த ஆளையே கேளுங்க."

பட்டறை வாட்ச்மேன் பெருமையாகச் சொன்னான்: "தண்ணி மாசு பாக்குற ஆபீசர் வராருன்னாங்க. ஒரே நாத்தம். ஒரு மூட்டை ப்ளீச்சிங் பவுடரக் கொட்டிட்டேன். ஒரு கிருமி உசுரோட இல்ல!"

"அடப்பாவி, அதுங்களத்தானடா வளத்தாங்க!"

"கிருமிய யாராச்சும் வளப்பாங்களா பெருசு? அடுத்து கொசு வளக்கச் சொல்லுவீங்க போல."

"முதல்லேருந்து ஆரம்பிக்கணும், இன்னும் நாலு மாசம்" என்றார் டீச்சரம்மா.

அதற்குள் ஆபீசர் வந்து மோந்து பார்த்தார். "தொட்டிய சுத்தமா வச்சிருக்கீங்க" என்று வாட்ச்மேனைப் பாராட்டினார்.

சோதனைக்குக் கொண்டுபோன என் கிணற்றுத் தண்ணீரைச் சொம்போடு அவரிடம் நீட்டினேன்.

"வேணாங்க, இப்பத்தான் டீ குடிச்சேன்" என்று ஜீப் ஏறிவிட்டார்.

உங்கள் ஊர் ஆபீசருக்காவது தாகம் எடுக்கிறதா?