கோட்டைச் சுவர் முடிந்த இடம்

தங்கவயல் சுரங்கத்தை மூடிய பிறகும் ஊரைவிட்டு வர மாட்டேன் என்று அப்பா அங்கேயே இருந்துவிட்டார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் சிவாஜிநகரில் மாமா வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு அப்போது ஏழு வயது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைப் பார்க்கலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தது மாமா: மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் பழைய பெங்களூர்க் கோட்டை. அதற்கு ஒரே வாசல். எதிரே டீக்கடையில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொள்ளலாம். எதிரிகளிடம் விழுந்துபோன அந்தக் கோட்டையை மாமா மட்டும் முழுதாக நம்பினார்.

அதில் மிஞ்சியிருப்பது ஒரு துண்டுதான். நான் ஓடினால் ஒரு பொட்டலம் கடலை தீர்வதற்குள் சுற்றி வந்துவிடுவேன். அப்பா அதைச் சாயங்காலம் வரைக்கும் நீட்டுவார். ஊரை உண்டாக்கிய கவுடர் மண்ணால் எழுப்பியது, பிறகு வந்த நவாப் கல்லால் எழுப்பியது, வெள்ளைக்காரனின் பீரங்கி துளைத்தது என்று ஒவ்வொரு கல்லாகத் தொட்டுச் சொல்லுவார். சொன்னதையே மறுபடியும் சொல்லுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வெளியே வந்தபோது மாமா யாரோ சிநேகிதரோடு முதுகைத் திருப்பிப் பேசிக்கொண்டிருந்தார். அப்பா என் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் நடந்தார். இடிந்துபோன சுவர் இந்த வழியாகத்தான் ஓடியது, மிச்சத்தையும் காட்டுகிறேன் என்றார். பூக்கடைகளைத் தாண்டினோம், ஆஸ்பத்திரியைத் தாண்டினோம். இல்லாத சுவரை ஒட்டியே கலாசிப்பாளையம் பஸ் நிலையம்வரை போய்விட்டோம்.

அங்கே ஒரு பஸ் கிளம்பத் தயாராக நின்றது. கோலார், கேஜிஎஃப் என்று எங்கள் தங்கவயலின் பெயரைக் கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். அப்பா படிக்கட்டின் அருகில் போய் நின்றார். என் கையை விடவில்லை.

ஊருக்குப் போகிறோமா என்று கேட்டேன். அப்பா வேறொன்று கேட்டார்.

"அம்மா இப்போ என்ன பண்ணுவா, பாப்பா?"

"சாப்பிடாம உக்காந்திருப்பா. நான் போனாத்தான் சாப்பிடுவா."

கண்டக்டர் ஏறுகிறீர்களா இல்லையா என்று கன்னடத்தில் கேட்டார். அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார். பஸ் திரும்பிச் சாலையில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "அவ்வளவுதான். கோட்டை இங்க முடிஞ்சுது," என்றார்.

திரும்பி வரும்போது தெருமுனையில் மாமா முகமெல்லாம் வேர்த்துத் தேடிக்கொண்டிருந்தார். அப்பாவின் கையிலிருந்து பிடுங்கி என்னைத் தூக்கிக்கொண்டார். கோட்டை பஸ் நிலையம்வரை இருக்கிறது என்று வீட்டில் நான் பெருமையாகச் சொன்னேன். இனி அனுப்பக் கூடாது என்று மாமா சத்தம் போட்டார். அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பஸ் கிளம்பினப்போ அப்பா என்ன பண்ணாரு?"

"பாத்துக்கிட்டே நின்னாரு."

அடுத்த மாதம் மாமா வரவில்லை. அம்மாவே என்னைக் கூட்டிப் போனாள். வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன், உள்ளேயே வந்துவிட்டாள். அவர்கள் சேர்ந்து வாழ்வது அதற்குப் பிறகும் நடக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அப்பா மண் கோட்டையிலிருந்து கதையைத் தொடங்கினார். அம்மா நாலடி தள்ளி, சுவரைப் பார்த்தபடி, ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டே நடந்தாள். அவளுக்கும் கோட்டை பார்க்க ஆசை வந்துவிட்டது என்று நினைத்து, கல்லில் எங்கே கை வைக்க வேண்டும் என்று நான் அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.