கடிக்காத எறும்பு

தொட்டில் கயிறு மஞ்சளாக இருந்தது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அதுதான் முதலில் வருகிறது. போடியில் நானே வாங்கிய வெள்ளை நைலான் கயிறு அது. அது மஞ்சளாகியிருந்தது, அந்த மஞ்சள் நகர்ந்துகொண்டும் இருந்தது. கீழே, என் பழைய சேலைக்குள், என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது குப்புற விழக்கூடத் தெரியாது.

குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துக்கு நானும் என் அண்ணன் மனைவியும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். சிலமலையில் விடியுமுன் ஜீப்பில் ஏறினால், பொழுது சாயத்தான் அது எங்களைத் திரும்ப ஏற்ற வரும். மதினியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. ஜீப் வளைவில் திரும்பினால் என் தொடையைக் கிள்ளிப் பிடிப்பாள். இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று கத்துவாள். "ஒங்க மதினி தன் நெழலப் பாத்தே ஓடுவா" என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்துகொண்டு சிரிப்பாள்.

கைக்குழந்தைக்காரிகள் மரக்கிளையில் தொட்டில் கட்டுவோம். கயிற்றில் மண்ணெண்ணெய் நனைத்த துணியைச் சுற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கட்டெறும்போ முசுறு எறும்போ இறங்கிவிடும். ஒரு கோடைக்குப் பிறகு அவை இரண்டுமே குறைந்தன. நீளக்கால் வைத்த மஞ்சள் எறும்பு ஒன்று வந்தது. கிறுக்குப் பிடித்தாற்போல் அங்குமிங்கும் ஓடும், ஆனால் கடிக்காது. ஏலச்செடியின் தூரில் கைவிட்டுக் காய் எடுக்கிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எங்களுக்கு ஒரே சந்தோசம். மண்ணெண்ணெய் நெடிக்குப் பிள்ளைகள் இருமுகின்றன என்று துணி சுற்றுவதையும் எல்லோரும் விட்டுவிட்டோம்.

மதினி மட்டும், "கட்டெறும்பெல்லாம் எங்கிட்டுத் தாயி போச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"போனாப் போகுது, நமக்கென்ன மதினி?" என்பேன். பிறகு நானும் பார்க்கத் தொடங்கினேன். சருகைக் கிளறினால் மரவட்டையைக் காணோம். ஓணானைக் காணோம். மழை பெய்து ஓய்ந்தாலும் ஒரு தவளை கத்தவில்லை. வண்டு ஒன்று செத்துக் கிடந்தால், மற்ற எறும்பு மோப்பம் பிடித்து வருமுன் மஞ்சள் எறும்புகள் அதை மூடிவிடும். இரையை முந்திக்கொண்டன, பொந்துகளை நிரப்பிக்கொண்டன. மற்றதெல்லாம் இருக்க இடமின்றிப் போய்விட்டது. ஒருநாள் உற்றுப் பார்த்தேன், தரையே லேசாக அசைந்தது. ஆனாலும் மறுநாள் ஜீப் வந்தபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். வேலைக்குப் போகாமல் எப்படிச் சாப்பிடுவது?

அன்றைக்குத் தண்ணீர் குடிக்கத் திரும்பிய மதினிதான் கயிற்றைப் பார்த்தாள். "ஐயோ, பிள்ள!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். பின்னால் ஓடிய நான் சரிவில் வழுக்கி விழுந்தேன். நான் எழுந்து பார்க்கும்போது அவள் தொட்டிலுக்குள் தலையையே நுழைத்திருந்தாள். என் மகளின் முகத்தைத் தன் மாரோடு அழுத்திக்கொண்டு வெளியே வந்தாள். நசுங்கிய எறும்புகளின் புளித்த நெடி மூக்கில் ஏறியது. அவள் முகம் முழுக்க எறும்பு. குழந்தையின் கண்ணை முந்தானையால் துடைத்தவள், எறும்பு நசுங்கிய கையாலேயே தன் கண்ணைக் கசக்கினாள். அப்புறம் அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. அந்த எறும்பு கடிக்காது, திராவகம் போல ஒன்றைப் பீய்ச்சும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

"பிள்ளைக்குக் கண்ணு நல்லாருக்கா? வெரசாப் பாரு!" என்றாள். பிள்ளைக்குக் கன்னமும் கழுத்தும் சிவந்திருந்தன. கண் நன்றாக இருந்தது.

கண் எரிச்சல் என்றால் எங்கள் பக்கம் தாய்ப்பால்தான் மருந்து. மதினியை மடியில் சாய்த்து, அழுதுகொண்டே என் பாலை அவள் கண்களில் பீய்ச்சினேன். சுற்றி நின்ற எல்லோரும் "இன்னும் விடு, இன்னும் விடு" என்றார்கள். குடத்துத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. அதை ஊற்றிக் கழுவ எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. ஜீப் சாயங்காலம்தான் வந்தது. மதினிக்கு ஒரு கண் போய்விட்டது. மற்றதில் எல்லாம் புகைமூட்டமாகத்தான் தெரியும்.

என் மகள் இப்போது பத்தாம் வகுப்பு. ஓர் உயிர் பெருகுவதைப் பாடத்தில் கோடாகப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு வரைந்து காட்டினாள். செங்குத்தாக ஏறி, இரையும் இடமும் தட்டுப்பட்டதும் அந்தக் கோடு படுத்துவிடுமாம். "எதுவரைக்கும் ஏறும்?" என்று கேட்டேன். "எடம் இருக்கிறவரைக்கும்தாம்மா" என்றாள் பென்சிலைச் சீவிக்கொண்டே.

போன வாரம் மதினி வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பேச்சுக்கு நடுவே முழங்கையை என் பக்கம் நீட்டி, "என்னமோ ஊருது தாயி, என்னன்னு பாரு" என்றாள். பார்த்தேன். மஞ்சள் நிறம், நீளக்கால். தட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தேன். மலையிலிருந்து லோடு இறக்கும் ஜீப்பில் வந்தனவோ, எப்படி வந்தனவோ, ஓட்டிலிருந்து தரைவரை ஒரே ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தன.

"சித்தெறும்பு மதினி" என்றேன்.

அவள் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் ஏன் தாயி ஒன் கை இப்பிடி நடுங்குது?"