துவைத்த மேலங்கி

எர்சீலியா அக்கா ஜன்னலைத் திறந்தால் கீழே நிற்கிறவன் நகர்ந்துகொள்ள வேண்டும். எங்கள் சந்தில் எல்லோருக்கும் அது தெரியும். குளிர்காலத்தில் எங்கள் பல்கலைக்கழக ஊரான கொய்ம்பிராவைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களுக்குத்தான் தெரியாது. முதுகொடிச்சான் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறி வந்து, அவள் கொடியில் தொங்கும் உள்பாவாடையைப் பல்கலைக்கழகத்தின் கோபுரத்தோடு சேர்த்துப் படம் பிடிப்பார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு வாளி மேலிருந்து இறங்கும். நனைந்தவர்கள் என் கடைக்குள் ஓடி வந்து, ஒரே ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மத்தியானம்வரை உட்கார்ந்து காய்வார்கள். எனக்கு அவர்களையும் பிடிக்காது, அவர்களை என் தலையில் கட்டுகிற அக்காவையும் அந்த நேரத்தில் பிடிக்காது.

என் பெயர் அர்லிந்தோ. அவள் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறேன். அக்கா லோசான் மலைப்பக்கத்துக்காரி. பாவாடை கட்டிய வயதில் மாணவர்கள் சேர்ந்து தங்கும் வீடு ஒன்றுக்குப் பாத்திரம் தேய்க்க வந்தவள், அங்கேயே சமையல்காரியாகி, அந்த வீட்டையே ஆட்டிவைத்தாள். இன்று தலைநகரில் நீதிபதியாக இருக்கிறவர்களில் நாலைந்து பேராவது அவளிடம் கரண்டியடி வாங்கியவர்கள். தாய் செத்தபின் தங்கை சுல்மீராவை மலையிலிருந்து கூட்டிவந்து வளர்த்ததும் அவள்தான். செருப்புக்கடைக்காரன் ஒருவன் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்தான். “எந் தங்கச்சியையும் சேத்து வச்சுக்குவியா?” என்று கேட்டாள். அவன் யோசித்துச் சொல்கிறேன் என்று போனான். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான் போல.

அப்படி வளர்த்த சுல்மீரா கல்யாணம் செய்து, ஒரு பெண்ணைப் பெற்று, புருஷனோடு பாரிசுக்குப் போனாள். அங்கே ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் காவல்காரி, படி துடைக்கிறவள், தபால் பிரிக்கிறவள் எல்லாம் அவளே. மகள் லிதியாவை “ரெண்டே வருஷம்க்கா, அப்புறம் கூட்டிக்கிறேன்” என்று அக்காவிடம் விட்டுப் போனாள். லிதியாவுக்கு அப்போது பல்கூட முழுதாக விழுந்து முளைக்கவில்லை. இந்த வருஷம் மருந்தியல் படிப்பின் கடைசிக்கே வந்துவிட்டாள். இடையில் சுல்மீரா வருஷா வருஷம் ஆகஸ்டில் வருவாள், மகளை மலைக்குக் கூட்டிப்போவாள், திருவிழா முடிந்ததும் போய்விடுவாள். எங்கள் ஊரில் கால் வைத்ததில்லை. அக்காவின் முகத்தில் விழிக்க மனசில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

இந்தப் பிப்ரவரியில் வந்தாள். லிதியாவின் கடைசி வாய்மொழித் தேர்வு இருந்தது. அதைப் பார்த்துவிட்டு மகளைக் கையோடு பாரிசுக்கு அழைத்துப்போவது என்று முடிவோடு வந்திருந்தாள். ஆட்டு ரோமக் கழுத்து வைத்த கோட்டும் சக்கரம் வைத்த பெட்டியுமாக அவள் எங்கள் சந்தில் நுழைந்தபோது, யாரோ வெளியூர்க்காரி என்று நினைத்து நான் உள்ளே திரும்பிக்கொண்டேன். அக்கா வாளியைத் தூக்காததுதான் ஆச்சரியம்.

முதல் நாள் இரவுச் சாப்பாடு என் கடையில். வைனில் வெந்த ஆட்டுக்கறியும் சோளரொட்டியும் வைத்தேன். லிதியா தன் கறுப்பு மேலங்கியை நாற்காலி முதுகில் போட்டிருந்தாள். சுல்மீரா மூக்கைச் சுளித்தாள்.

“என்னடி இது, இப்படி நாறுது? இதையா போட்டுக்கிட்டு ஊரைச் சுத்துற?”

மேலங்கி அழுக்காகத்தான் இருக்கும். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாளில் எல்லா மாணவர்களும் போர்த்துவது, படிப்பு முடிகிறவரை தண்ணீர் படாது. மழைத்தண்ணீர் மட்டும் விதிவிலக்கு. துவைத்தால் இத்தனை வருஷமும் போய்விடும், கேடு வரும் என்று இங்கே எல்லோரும் நம்புகிறோம். சுல்மீராவிடம் அதை யாரும் சொல்லவில்லை. சூப்பைத் தலையில் ஊற்றிக்கொள்ளக்கூடாது என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா?

அக்காவோ சொல்லவேண்டியதை விட்டுவிட்டுச் சொல்லக்கூடாததைச் சொன்னாள். மேலங்கியின் ஓரத்தை இழுத்து விளக்கடியில் காட்டினாள்.

“இங்க பாரு. வலப்பக்கம் இருக்கற கிழிசலெல்லாம் சிநேகிதங்க கிழிச்சது. இடப்பக்கம் வீட்டு மனுஷங்க கிழிக்கறது. இது நான் கிழிச்சது. பல்லால கடிச்சு.”

“இடப்பக்கம் ஒண்ணுதான இருக்கு?”

“வீட்டுல இருந்தவ ஒருத்திதான?”

சுல்மீரா கரண்டியைக் கீழே வைத்தாள். “நான் அங்க ஊரான் வீட்டுப் படியைத் தொடைச்சதுலதான்க்கா இவ படிச்சா.”

“படிச்சா, இல்லேங்கல. இவ காய்ச்சல்ல கெடந்தப்ப எந்தப் படியைத் தொடைச்சுட்டு இருந்த?”

“தேர்வு முடியட்டும். எம் பொண்ணை நான் கூட்டிட்டுப் போறேன். அங்க மருந்துக்கடையில பேசி வச்சிருக்கேன்.”

“அவ கேட்டாளா உங்கிட்ட?”

“உங்ககிட்ட கேட்டாளா, இங்கியே இருக்கேன்னு?”

இரண்டு பேரும் லிதியாவைப் பார்த்தார்கள். லிதியா தட்டைப் பார்த்தாள். அப்புறம் “அர்லிந்தோ மாமா, ரொட்டி இருக்கா?” என்று கேட்டாள். அவள் தட்டில் ரொட்டி இருந்தது. நான் இன்னொன்று கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாள் காலையில் அக்கா சந்தைக்குப் போனாள், லிதியா நூலகத்துக்குப் போனாள். நான் கடைவாசலைக் கழுவிக்கொண்டிருந்தபோது தலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், சந்தின் குறுக்கே, எல்லோர் கண்ணுக்கும் நேராக, லிதியாவின் மேலங்கி கொடியில் தொங்குகிறது. சோப்பு வாசனை தெருமுனைவரை அடித்தது. வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த மாணவர் கூட்டம் ஒன்று அப்படியே நின்றுவிட்டது. ஒருத்தி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். சத்தியமாக, ஜன்னலிலிருந்து யாராவது குதித்திருந்தால்கூட அவ்வளவு அமைதியாக நின்றிருக்க மாட்டார்கள்.

அக்கா கீரைக்கட்டோடு முனை திரும்பினாள். நிமிர்ந்து பார்த்தாள். கீரைக்கட்டு கீழே விழுந்தது.

“அடிப்பாவி! சுல்மீரா! வெளிய வாடி!”

சுல்மீரா ஜன்னலில் தலையை நீட்டினாள். கை முழங்கைவரை சிவந்திருந்தது. “எதுக்குக் கத்துறீங்க? மூணு தண்ணி மாத்தினேன். மூணும் கறுப்பு. இவ்வளவு அழுக்குல எம் பொண்ணை வச்சிருந்தீங்களே, வெக்கமா இல்ல?”

அக்கா மாடிக்கு ஓடி, கொடியை இழுத்து, மேலங்கியின் இடப்பக்கத்தைத் தேடினாள். அவள் கடித்துக் கிழித்த இடம் தைக்கப்பட்டிருந்தது. நெருக்கமான தையல், கறுப்பு நூல், தடவினால்தான் தெரியும். எங்கள் ஊரில் கிழிசலைத் தைத்தால், கிழித்தவரைத் தலைமுழுகியாயிற்று என்று அர்த்தம்.

சுல்மீரா துவைத்தது தெரியாமல் செய்தது என்று நான் இன்றும் நம்புகிறேன். தைத்ததை அப்படி நம்பமாட்டேன். முதல் நாள் இரவு விளக்கடியில் அவள் அந்தக் கிழிசலைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

அதன்பிறகு மேலே நடந்ததைச் சந்து முழுக்கக் கேட்டது. சண்டையில் செத்த தாய் வந்தாள், செருப்புக்கடைக்காரன் வந்தான், விட்டுப்போனவள், பிடுங்கிக்கொண்டவள் என்று எல்லாம் வந்தது. “பெத்தவ நானு!” “பெத்துப் போட்டவ நீ!” என்று பாத்திரங்களோடு சேர்ந்து சத்தம். லிதியா வந்தபோதுதான் நின்றது. அவள் கொடியருகே போய் மேலங்கியின் நுனியைப் பிடித்துப் பிழிந்தாள். தண்ணீர் கொட்டியது.

“நாளைக்குத் தேர்வு. இது காயாதே,” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

காயவில்லைதான். பிப்ரவரி மூடுபனியில் எங்கள் ஊரில் கைக்குட்டையே காயாது, கம்பளி எங்கே காயும்? அக்கா தையலைப் பிரித்து, கணப்புச் சட்டிமேல் பிடித்து, இஸ்திரி போட்டுப் பார்த்தாள். காலையில் லிதியா மேலங்கி இல்லாமல், வெறும் கறுப்புப் பாவாடை சட்டையோடு தேர்வுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, “வெளிய வர்றப்ப எடுத்துட்டு வந்துருங்க, பெரியம்மா. அப்ப அது வேணும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏன் வேணும் என்று எங்களில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. கடைசித் தேர்வு முடிந்து வெளியே வருகிறவரை நண்பர்கள் சூழ்ந்துகொண்டு, போட்டிருக்கும் உடுப்பை நார்நாராகக் கிழித்துவிடுவார்கள். கழுத்துப்பட்டையும் மணிக்கட்டுப்பட்டையும்தான் மிஞ்சும். மேலங்கியைத் தொடமாட்டார்கள். அதைப் போர்த்திக்கொண்டுதான் பட்டதாரி வீட்டுக்கு நடப்பார்.

நான் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். பல்கலைக்கழக முற்றத்தில் எலும்பைத் துளைக்கும் காற்று. அக்கா ஒரு தூணருகே மேலங்கியை மார்போடு அணைத்து நின்றாள். சுல்மீரா இன்னொரு தூணருகே ரோமக் கழுத்துக் கோட்டில் நின்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மகாராணிகள்.

லிதியா வெளியே வந்து கையை உயர்த்தினாள். தேறிவிட்டாள். தோழிகள் கூச்சலோடு பாய்ந்தார்கள். சட்டை பறந்தது, பாவாடை பறந்தது, காலுறை கந்தலாயிற்று. சிரிப்பும் கும்மாளமும் அடங்கியபோது அவள் தன்னைத்தானே கட்டிக்கொண்டு, படியில் வெறுங்காலோடு, முழுக்க நடுங்கிக்கொண்டு நின்றாள்.

அக்கா மேலங்கியோடு ஓடினாள். சுல்மீரா கோட்டைக் கழற்றிக்கொண்டே ஓடினாள். இரண்டு பேரும் ஒரே படியில் மோதிக்கொண்டார்கள்.

“தள்ளு! மேலங்கிதான் போடணும். இதுதான் முறை!”

“ஈரத்தைப் போத்தி எம் பொண்ணைக் கொல்லப் பாக்கறீங்களா? தொட்டுப் பாருங்க, சில்லுனு இருக்கு!”

“யாரால ஈரம்? சொல்லு! யாரால?”

“குளிருது,” என்றாள் லிதியா.

“நீங்க ஒழுங்கா வச்சிருந்தா நான் ஏன் தொவைக்கிறேன்?”

“கேட்டுட்டுத் தொவைக்கிறதுக்கு என்ன? எல்லாத்துக்கும் வாய் இருக்கு, இதுக்கு இல்லியா?”

“விடுங்க, நான் போத்தறேன்!”

“கையை எடு! நான் வளத்த பொண்ணு!”

“அம்மா… பெரியம்மா… குளிருது.”

நான் கம்பிவேலியருகே நின்றேன். எனக்குக் கேட்டது. சுற்றி நின்றவர்களுக்கும் கேட்டது. அவர்கள் இரண்டு பேரும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருத்தி மேலங்கியையும் ஒருத்தி கோட்டையும் பிடித்தபடி முகத்துக்கு முகம் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு பேரையும் பிடித்து ஆற்றில் தள்ளியிருப்பேன். என் கோட்டைக் கழற்றலாம் என்று எனக்கும் உடனே தோன்றவில்லை என்பதுதான் கேவலம்.

மூன்றாவது தடவை லிதியா அவர்களிடம் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற தோழியிடம் திரும்பி மெதுவாக ஏதோ சொன்னாள். அந்தப் பெண் தன் மேலங்கியைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினாள். இடப்பக்கம் ஏழெட்டுக் கிழிசல் இருந்தது. அப்பனோ, பாட்டியோ, அண்ணன் தம்பியோ, யாரோ ஒரு வீட்டாரின் பற்கள். லிதியா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு படியிறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் அக்காவின் வீட்டுக்கும் வரவில்லை. அந்தத் தோழியின் ஊர் ப்ராகா. லிதியா அங்கே ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. சுல்மீரா இரண்டு நாள் காத்திருந்துவிட்டுச் சக்கரப் பெட்டியைப் படிகளில் தடதடவென்று இழுத்துக்கொண்டு தனியாகப் பாரிஸ் பஸ் ஏறினாள்.

அன்று அக்கா என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். நான் சூப் வைத்தேன். தொடவில்லை.

“பாத்தியாடா அர்லிந்தோ, இந்தப் பொண்ணு பண்ணினதை? நான் என்னடா கொறை வச்சேன்? நல்ல நாளும் அதுவுமா, யாரோ ஒருத்தியோடதைப் போத்திக்கிட்டுப் போறா.”

“அவ சொன்னாளேக்கா. காதுல விழலியா?”

“என்ன சொன்னா?”

“குளிருதுன்னு.”

அக்கா சூப் கிண்ணத்தைத் தள்ளினாள்.

“எப்படா சொன்னா?” என்றாள்.