டிக்கெட்டின் முதல் பாதி

எங்கள் குடும்பத்தில் யாரும் ஒருவழி டிக்கெட்டில் நாட்டைவிட்டுப் போனதில்லை. போனவர்கள் எல்லோரும் ரிட்டர்ன் டிக்கெட்டுடன்தான் போனார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை.

அப்போது யுத்த காலம்; நாங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடி வீட்டின் இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். தம்பிக்குப் பத்தொன்பது வயது. போகிற டிக்கெட்டை மட்டும் வைத்திருக்கும் தமிழ்ப் பொடியனை விமான நிலையத்தில் மறித்துவிடுவார்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். அதனால் வருகிற டிக்கெட்டும் வேண்டும், அதைப் பற்றித் தடுமாறாமல் சொல்லவும் தெரிய வேண்டும். அப்பா அவனைக் கதிரையில் இருத்திவிட்டு அதிகாரி போல எதிரே நின்று கேள்வி கேட்பார்.

"எப்ப திரும்பி வாறீர்?"

"மூண்டு கிழமையில, சேர். சனிக்கிழமை."

"ஏன் சனிக்கிழமை?"

"திங்கக்கிழமை வேலைக்குப் போகோணும், சேர்."

அவனுக்கு வேலையே இருக்கவில்லை. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவன் போய் மூன்று கிழமையில் அந்தச் சனிக்கிழமை வந்தபோது வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அம்மா மட்டும் அன்று காலையில் அவனுடைய கட்டில் விரிப்பைக் கழற்றித் துவைத்துக் காயப்போட்டார்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டிக்கெட் என்பதில் ஒரு பாதியை எறிந்துவிடலாம் என்பதையும், டிக்கெட் எடுக்கும் இடம் உண்மை சொல்வதற்கான இடமல்ல என்பதையும் நான் அந்த வயதில் கற்றுக்கொண்டேன். முப்பது வருடங்களுக்கு மேலாகியும் அது எனக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

என் மகள் மெல்பேர்ணுக்குப் படிக்கப் போய், படித்து முடித்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து ஏழு வருடம். எங்களுக்கு ஒரே பிள்ளை. போன வருடம் அவளுடைய குரல் மெலியத் தொடங்கியது. பிறகு வீடியோவில் வருவதை நிறுத்தினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் கொட்டாஞ்சேனையில் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தபோது அழைத்தாள்.

"அம்மா, நான் வந்திடட்டோ?"

"லீவிலயோ?"

"இல்லை. ஒரேயடியா."

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். இரண்டு மாதமாக நித்திரை இல்லை. வேலைக்குப் போவதில்லை. அங்கே ஒரு டொக்டர், தனியாக இருக்காதே, குடும்பத்தாரிடம் போ என்று சொல்லியிருக்கிறார். அறையைத் திருப்பிக் கொடுக்க அறிவித்தலும் கொடுத்துவிட்டாள். டொக்டர் ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து ஒரு தாயாக என் தலையில் இருந்தது ஒன்றுதான்: அந்தப் பிள்ளை அந்த அறையில் தனியாக இருக்கும் நாட்களை எப்படிக் குறைப்பது.

"நீ ஒண்டும் செய்ய வேண்டாம். டிக்கெட்டை நான் பாக்கிறன்" என்றேன்.

நான் புதுக்கடையில் நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். காணி உறுதிகள், சத்தியக்கடதாசிகள், விவாகரத்துத் தீர்ப்புகள் என்று மற்றவர்களின் கடதாசிகளில் உள்ள சின்ன எழுத்துகளை வாசிப்பதுதான் என் சீவியம். அப்படிப்பட்ட நான், டிக்கெட் எடுப்பதற்கு வழக்கம்போல வெள்ளவத்தைக்குப் போனேன். கொட்டாஞ்சேனையில் கலியாணம் முடித்து இவ்வளவு காலமாகியும் எங்கள் ஆட்களின் டிக்கெட்டுகள் எல்லாம் வெள்ளவத்தையில்தான். காலி வீதியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே உள்ள சின்ன முகவர் நிலையம். கொம்பனித்தெருப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை ஒருத்தி அங்கே வேலை செய்கிறாள்.

மெல்பேர்ணிலிருந்து கொழும்புக்கு ஒருவழி டிக்கெட் என்ன விலை என்று விசாரித்தேன். அங்கே பள்ளிக்கூட விடுமுறைக் காலம். விலை என் கணக்குக்கு எட்டவில்லை. சுவரில் ஒரு சலுகை விளம்பரம் ஒட்டியிருந்தது. கொழும்பிலிருந்து மெல்பேர்ணுக்குப் போய்வர, ரிட்டர்ன். அது அந்த ஒருவழி டிக்கெட்டைவிடக் குறைவாக இருந்தது. எனக்கு உடனே தம்பியின் ஞாபகம் வந்தது. அவன் பின்பாதியை எறிந்தான். நான் முன்பாதியை எறிந்தால் என்ன?

"வெள்ளிக்கிழமை போய் அடுத்த செவ்வாய்க்கிழமை வாற மாதிரி ஒண்டு போடுங்கோ" என்றேன்.

"நாலு நாள்தானா அன்ரி? அவ்வளவு தூரம் போய்?"

"அலுவல் ஒண்டு."

"விசா ஈக்கிதானே?"

"ஓம்." அது உண்மை.

"பஸஞ்சர் இப்ப இங்கதானே ஈக்கிறாங்க?"

"ஓம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் விலையைக் கூட்டிவிடுவாள் என்று நினைத்தேனோ தெரியாது. அந்த 'ஓம்' யோசித்து வந்ததல்ல.

மகளுக்கு டிக்கெட்டின் இரண்டாம் பக்கத்தை மட்டும் அனுப்பினேன். முதற்பக்கத்தைக் கண்டு குழம்பிவிடுவாள் என்று பயந்தேன். அந்த வெள்ளிக்கிழமை விமானம் அவள் இல்லாமல் புறப்பட்டது. அந்த நேரத்தில் நான் சமையலறையில் நின்று, கெட்டித்தனமாக ஒரு காரியம் செய்துவிட்டேன் என்ற திருப்தியுடன் தேத்தண்ணீர் குடித்தேன். மறுநாள் தொலைபேசிக்கு விமான நிறுவனத்திடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. சந்தையில் நின்றேன். விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, கந்தோரில் ஒரு காணி உறுதியைப் பாதி மொழிபெயர்த்து முடித்திருந்தேன். மகள் அழைத்தாள். அங்கே பின்னேரமாகத் தொடங்கியிருந்தது. விமானத்துக்கு நான்கு மணித்தியாலம் முந்தியே போய் நிற்கச் சொல்லியிருந்தேன்.

"அம்மா, என்ட பேர் இல்லையாம்."

"எதில இல்லையாம்?"

"லிஸ்ட்டில. டிக்கெட் கான்சலாம். நான் வெள்ளிக்கிழமை வரேல்லையாம்." பக்கத்தில் யாரோ அவளை விலகச் சொன்னது கேட்டது. "எங்க வரேல்லை அம்மா நான்?"

நான் என்ன செய்தேன் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது.

"நீங்க சொன்ன மாதிரித்தான் எல்லாம் செய்தனான்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். "பரவாயில்லை அம்மா. நான் திரும்பிப் போறன்."

"எங்க போகப் போறாய்? அறையைக் குடுத்திட்டாய் எல்லோ?"

"தெரியாது."

"இஞ்ச பார், போனை வைக்காதை. கதைக்காட்டிலும் பரவாயில்லை. வைக்காதை."

பக்கத்து மேசையில் இருந்தவரின் தொலைபேசியிலிருந்து முகவர் நிலையத்துக்கு இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி முச்சக்கர வண்டி ஒன்றில் ஏறினேன். என் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அடுத்த முனையில் விமான நிலையத்தின் அறிவித்தல்களும், இடையிடையே அவளுடைய மூச்சும் கேட்டன.

கொம்பனித்தெருவில் வாகனங்கள் நகரவில்லை. ஏதாவது கதைக்க வேண்டும் என்று, "பெட்டியில என்ன வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"உடுப்பு. புத்தகம். ரைஸ் குக்கர்."

"ரைஸ் குக்கரோ? கொழும்பில இல்லாத ரைஸ் குக்கரோ?"

"அது என்ட, அம்மா."

"சரி, சரி. உன்டதான். பெரிசோ சின்னனோ?"

"சின்னன். ஒராளுக்கு."

வண்டியோட்டி கண்ணாடியில் என்னைப் பார்த்து, "துவத?" என்றான். மகளா என்று சிங்களத்தில் கேட்கிறான். ஓம் என்று தலையாட்டினேன். அவன் ஒரு பேருந்தின் பக்கமாக வெட்டி, நடைபாதையில் பாதி ஏறி முன்னுக்குப் போனான்.

முகவர் நிலையத்தில் அந்தப் பிள்ளை மதியச் சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மகள் மெல்பேர்ணில் இருக்கிறாள், எப்போதுமே அங்கேதான் இருந்தாள், நான் பொய் சொன்னேன், அவள் இப்போது விமான நிலையத்தில் நிற்கிறாள், அவளுக்குச் சுகமில்லை. கடைசி வசனத்தைச் சொல்லும்போது தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டேன்.

அந்தப் பிள்ளை சாப்பாட்டை மூடி ஒரு பக்கம் வைத்தாள்.

"அண்டைக்கே சொல்லீந்தா நான் இத போட்டீக்க மாட்டேனே அன்ரி. கடைசிப் பாதிய வுடலாம். முதல் பாதிய வுட ஏலா. முதல்ல ஏறாட்டி மத்ததெல்லாம் தானா கான்சலாகீரும்."

"எங்கட தம்பி ஆக்கள் எறிஞ்சவை" என்றேன், அது ஏதோ நியாயம் போல.

"அவங்க எறிஞ்சது கடைசிய" என்றாள்.

கணினியைத் தட்டினாள். அதே விமானத்தில் இடம் இருந்தது. கவுண்டர் மூடுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட நேரம் இருந்தது.

"அங்கேந்து வன் வே இந்த வெல. ஆனா அங்கேந்து ரிட்டனா எடுத்தா இதவிடக் கொறவு. இங்க வந்து சேந்த பொறகு மத்தப் பாதிய பாவிக்காட்டி பரவால்ல. எது போட?"

"வன் வே" என்றேன்.

"வெல கூட அன்ரி."

"கூடவெண்டாலும் பரவாயில்லை."

என் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுபோகக்கூடிய கடதாசி எதுவும் அவளுடைய கையில் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். வங்கி அட்டையை நீட்டினேன். தொலைபேசி மேசையில் கிடந்தது. எப்போது ஒலிபெருக்கியில் போட்டேன் என்று ஞாபகமில்லை.

"அம்மா" என்றாள் மகள். "ரிட்டர்ன் எடுங்கோ."

"ஏன்? திரும்பிப் போகப் போறியோ?"

"இல்லை."

"அப்ப ஏன்?"

"தெரியாது. எடுங்கோ. இல்லாட்டி ஏற மாட்டன்."

அந்தப் பிள்ளை விசைப்பலகையில் கை வைத்தபடி என்னைப் பார்த்தாள். இந்த டிக்கெட் விசயத்தில் மகளிடம் ஒரு தடவைகூட நான் ஒன்றும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எந்த நாள், எந்த விமானம், எந்தப் பாதி எல்லாமே நான்தான். ஏழு வருடம் தனியாக வாழ்ந்த ஒருத்தி, பெட்டியைக் கட்டிக்கொண்டு தோற்றுப்போனவளாக ஏறாமல், போய்வருகிறவளாக ஏற வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது.

"ரிட்டர்னே போடுங்கோ" என்றேன்.

திரும்பும் திகதியை மூன்று மாதம் தள்ளிப் போட்டோம். மகள் கவுண்டரைக் கடந்து, உள்ளே போய், விமானம் ஏறும் வாசலுக்கு முன்னால் கிடந்த கதிரையில் இருந்துகொண்டு, "ஏறப் போறன், வைக்கிறன்" என்று சொல்லும்வரை நான் அந்த நிலையத்திலேயே இருந்தேன். அந்தப் பிள்ளை தன்னுடைய சோற்றில் பாதியை ஒரு மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினாள். சாப்பிட்டேன்.

அன்று என் கணவரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், அதிகம் கதைக்க மாட்டார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குப் புறப்படும்போது சொன்னார்: "நீர் சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கிற மனிசி. டிக்கெட் கடையில மட்டும் சத்தியம் இல்லையோ?" அவர் பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகள் வந்தாள். மெலிந்திருந்தாள். வீதிப் பக்க அறையில் முதல் பத்து நாளும் அனேகமாகப் படுத்தே இருந்தாள். டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறோம், மருந்து எடுக்கிறாள். அந்தச் சின்ன ரைஸ் குக்கரை எங்களுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு நாள் நான் வேலையால் வந்தபோது அதில் சோறு இருந்தது. மூன்று பேருக்குக் காணாது. மூவரும் அதைத்தான் பகிர்ந்து சாப்பிட்டோம்.

நான் இன்னும் பழையபடி ஆகவில்லை. தொலைபேசி அடித்தால் எடுக்க முதல் அவளுடைய அறையை எட்டிப் பார்க்கிறேன். அவள் குளியலறையில் கூட நேரம் இருந்தால் கதவுக்கு வெளியே ஏதாவது வேலை செய்வது போல நிற்கிறேன். அவளுக்கு அது தெரியும். "அம்மா, உயிரோடதான் இருக்கிறன்" என்று ஒரு தடவை உள்ளே இருந்தபடியே சொன்னாள்.

திரும்பும் திகதி நெருங்கியது. வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஒரு காலை, காயப்போடுவதற்கு அவளுடைய கட்டில் விரிப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது எனக்கு என் அம்மாவின் சனிக்கிழமை நினைவு வந்தது. விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"அந்த டிக்கெட்டை என்ன செய்யிறது?"

மகள் யன்னலடியில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். "விட்டா வீணாப் போயிடுமோ?"

"ஓம்."

"தள்ளிப் போடலாமோ?"

"காசு கட்டித் தள்ளலாம்."

"ஆகக் கூட எவ்வளவு தள்ளலாம் எண்டு கேளுங்கோ."

போகப் போகிறாளா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அதை ஆகக் கூடிய தூரத்துக்குத் தள்ளச் சொன்னாள் என்பதையே அன்றைக்குப் போதுமென்று எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் வெள்ளவத்தைக்குப் போனேன். அந்தப் பிள்ளை என்னைக் கண்டதும் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டாள். டிக்கெட்டின் கடைசி எல்லை வரைக்கும் திகதியை மாற்றச் சொன்னேன். தட்டினாள், பார்த்தாள், பெயரைச் சரிபார்த்தாள். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"பஸஞ்சர் இப்ப எங்க ஈக்கிறாங்க அன்ரி?"

கேட்ட பிறகுதான் அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கையை விசைப்பலகையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இஞ்சதான் பிள்ளை. வீட்டில" என்றேன்.