தானாக ஓடும் மோட்டார்

“அம்மா, இங்கன பாரு. நான் கையே வைக்க வேணாம், எல்லாம் தானா நடக்கும்” என்றாள் மகள். கணினி விளையாட்டில் அவள் ஒரு கேரட் தோட்டம் கட்டியிருந்தாள். நேரம் வந்ததும் மடை தானே திறந்து, பாய்ந்த தண்ணீர் விளைந்ததையெல்லாம் பெட்டிக்குள் அடித்துக்கொண்டு போனது. அந்த இரைச்சல் என்னைக் எங்கள் ஊர் குச்சனூரின் கிணற்றடிக்குக் கொண்டுபோனது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. எங்கள் தக்காளித் தோட்டத்து மோட்டாருக்கு அப்பா ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தார். கரண்ட் வந்தால் சில நொடிகளில் மோட்டார் தானே ஓடும். ஒரு மத்தியானம் கரண்ட் இல்லாத நேரத்தில் அவர் கிணற்றுக்குள் இறங்கி, மோட்டார் தண்டில் சிக்கிய கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார். ஆட்டோ ஸ்டார்ட்டரை அணைக்க மறந்துவிட்டார். ஸ்பேனர் எடுக்க மேலே மோட்டார் அறைக்கு வந்த நான், ஸ்டார்ட்டர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தேன்.

“அப்பா, கைய எடுங்க! கரண்டு வந்துருச்சு!”

மோட்டார் ஓடச் சில நொடிகளே இருந்தன. மெயின் சுவிட்சின் கைப்பிடி துருவேறி இறுகியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். சடக்கென்று இறங்கியது, விளக்கு அணைந்தது. கிணற்றுக்குள் சத்தமே இல்லை. போய் எட்டிப் பார்க்கத் துடித்தேன். ஆனால் கையை விட்டால் மறுபடி ஓடிவிடுமோ என்று அப்படியே நின்றேன்.

அப்பா படியேறி வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

“விடு ஆத்தா, நான் மேல வந்துட்டேன்.”

என்னால் விட முடியவில்லை. என் விரல்களை அவர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.