அப்பா என்றுதான் கேட்டது

பொன்னியின் வீட்டில் கரண்ட் போனால் பேச்சும் சேர்ந்து போய்விடும். அத்தனை பேரும் பட்டென்று நிறுத்திவிடுவார்கள். வெளிச்சம் வந்ததும் புருஷன் அன்பரசு ஏதோ பாதிப் பேச்சிலிருந்து ஆரம்பிப்பான். இருட்டில் ஏன் இப்படி வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று அவளுக்கு முதுகு சில்லிடும். ஒரு தடவை இருட்டிலேயே கேட்டும் பார்த்தாள். பதில் வரவில்லை.

கடலூர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் மெஷின் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறவள். அந்த இரைச்சலில் யாரும் தொண்டையைக் கிழித்துக்கொள்வதில்லை. உதட்டை அசைத்தாலே எத்தனை கூடை என்று புரிந்துவிடும். காது மந்தம் என்று எவனாவது சொன்னால் சண்டைக்குப் போவாள். செல்போனில் பேச்சு புரியாவிட்டால், "டவர் சரியில்ல" என்று வைத்துவிடுவாள். பாவம், அந்த டவர்.

அவளை அரித்தது வேறு. மகள் இலக்கியா சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். கிளம்பிய அன்று தாய்க்கும் மகளுக்கும் பெரிய வாய்ச்சண்டை. அதிலிருந்து வீடியோ காலில் "அப்பா" என்றுதான் ஆரம்பிக்கிறாள். எட்டு மாதமாக ஒரு "அம்மா" கிடையாது. "ஒன்னத்தான் கூப்புடுறா, பேசு" என்று போனைப் புருஷனிடம் தள்ளிவிட்டு, அடுப்படியில் போய் அழுவாள்.

காதைக் காட்ட வரச்சொல்லி மகள் பிடிவாதம் பிடித்ததால் அவளும் புருஷனும் போனார்கள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்த மகள் முதலில் சொன்னதும் "அப்பா"தான். பொன்னி புருஷனை முன்னே தள்ளிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் காது சோதிக்கும் அறைக்கு ஜன்னல் இல்லை. எதிரே உட்கார்ந்த பெண் மேரி ஷாலினி, "நான் சொல்றத திருப்பிச் சொல்லுங்கக்கா. வண்டி" என்றாள்.

"வண்டி."

"தோசை."

"தோசை." பொன்னிக்குச் சிரிப்பு வந்தது.

ஷாலினி ஓர் அட்டையால் வாயை மறைத்தாள். குரல் அறுந்தது. அட்டைக்கு மேலே கண்கள் அவளையே பார்த்தன. தொண்டை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா நிறுத்திட்ட?"

அட்டை இறங்கியது. "நிறுத்தலக்கா. பத்து வார்த்த சொல்லிட்டேன்."

பொன்னி அந்த அட்டையையே பார்த்தாள். அப்படியானால் வீட்டு இருட்டில் எல்லோரும் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

"இப்ப ஒதட்டப் பாருங்க. என்னா சொன்னேன்?"

"அப்பா."

"அம்மான்னு சொன்னேன்க்கா. ரெண்டுக்கும் ஒதடு ஒரே மாதிரிதான் மூடும். மிச்சத்த மனசே போட்டு நெரப்பிக்கும்."

எட்டு மாதமாக அவள் பயந்ததையே மனசு கேட்க வைத்திருக்கிறது. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

காது மிஷினை மாட்டியதும் கதவு திறந்தது. இலக்கியா உள்ளே வந்தாள். "அம்மா."

அட்சரசுத்தமான "அம்மா". ஆனால் அந்தக் குரல் யாருடையது? கனத்த, கொஞ்சம் கரகரத்த ஒரு பெண்பிள்ளைக் குரல். பொன்னி திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாருமில்லை. மிஷினைக் கழற்றினாள்.

"இன்னாம்மா ஆச்சு?" மகளின் உதடு அசைந்தது. பத்து வயதில் ஸ்கூலிலிருந்து ஓடிவந்து கத்துவாளே, அந்தக் கீச்சுக்குரல் தெளிவாகக் கேட்டது. இத்தனை வருஷமும் கேட்டது அதுதான். அது வெளியிலிருந்து வரவில்லை.

பொன்னி மிஷினைத் திரும்ப மாட்டினாள். மகள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"இன்னொரு தடவ கூப்புடுடி."

இருட்டுக்குள்ளிருந்து அந்த முன்பின் தெரியாத பெண், "அம்மா" என்றாள்.